தயிர்க்கடைப் பூச்சியின் வயிறு

வயிறு பெருத்திருந்தது. முட்டைதான் என்று நினைத்துக்கொண்டேன். காய்ந்த முருங்கைக் குச்சி ஒன்றை ஒடித்து ஜாடிக்குள் சாய்த்து வைத்தேன். கும்பிடுபூச்சி முட்டையைத் தனித்தனியாக இடாது. வயிற்று நுனியிலிருந்து நுரையைச் சுரந்து, அதற்குள்ளேயே முட்டைகளை வரிசையாக அடுக்கும். சற்று நேரத்தில் நுரை இறுகிக் கெட்டியான கூடாகிவிடும். மரக்கிளைகளில் ஒட்டிக்கிடக்கும் அந்தக் கூட்டை நிறையப் பார்த்திருக்கிறேன், கட்டும்போது பார்த்ததில்லை. அந்த ஆசையில் ராத்திரி இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். குச்சி காலியாகவே இருக்கும்.

ஐந்தாம் நாள் காலையிலும் காலி. ஜாடியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் மட்டும் சோற்றுப் பருக்கை போல ஏழு கிடந்தன. நாம் சோறு போடவில்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நகர்ந்தது.

அந்தப் பூச்சியைப் பிடித்தது பெரியப்பாவின் மல்பெரித் தோட்டத்தில். உடுமலைப்பேட்டை பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, பட்டுப்புழு வளர்க்கிறார். ஆயுத பூஜை விடுமுறைக்குப் போனபோது வரப்போரச் செடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நீளம், நல்ல பச்சை, இறக்கை விளிம்பில் பக்கத்துக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. ஹைரோடுலா என்ற பேரினம், நம் தோட்டங்களில் சாதாரணமாகக் கண்ணில் படுவது. அம்மா இதைத் தயிர்க்கடைப் பூச்சி என்றுதான் சொல்வார். முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவது மத்துக் கயிறு இழுப்பது போலவே இருக்கும். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடித்தம். கும்பிடுகிறவர் யாரும் இப்படி ஆடிக்கொண்டே கும்பிடுவதில்லை.

கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து, மிக்சர் கடையில் கேட்டு வாங்கிய பெரிய பிளாஸ்டிக் ஜாடியில் விட்டு, வாயில் கொசுவலை கட்டினேன். மொட்டை மாடி வெட்டுக்கிளி, குப்பைக்கூடை ஈ, சமையலறைக் குட்டிக் கரப்பான் என்று நாளுக்கு ஒன்று. எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் சாப்பிட்டாள். ('அது' எந்த நாளில் 'அவள்' ஆனாளோ, நான் கவனிக்கவில்லை.) வயிற்றின் ஒரு பக்கத்தில் மிளகுத்தூள் சிந்தினாற்போல மூன்று கறுப்புப் புள்ளிகள். மச்சம் என்று நினைத்து ரசித்து, போட்டோவும் எடுத்து வைத்தேன்.

அந்தக் காலையில் எட்டாவது புழு வெளியே வருவதை முழுசாகப் பார்த்தேன். வயிற்றுத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மெல்லிய தோல் இருக்கிறதல்லவா, அங்கே முதலில் ஒரு சின்ன மேடு தட்டியது. மேட்டின் உச்சியில் ஒரு கறுப்பு முனை தெரிந்தது. அது வாய்க்கொக்கி. ஈயின் புழுவுக்குத் தலை என்று தனியாக ஒன்றும் கிடையாது, கூர்ந்த முனையில் இந்தக் கொக்கிகள் மட்டும்தான். கொக்கி கீறியது, தோல் விட்டது. அப்புறம் பற்பசைக் குழாயை அழுத்துவது போலத்தான். உடம்பைச் சுருக்கி நீட்டி, சுருக்கி நீட்டி, இரண்டு மூன்று நிமிடத்தில் முழுசாக நழுவிச் செய்தித்தாளில் விழுந்தது. ஒரு துளி பச்சை கலந்த நீர் கசிந்தது.

அவள் அப்போது முன்னங்காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். முள்முள்ளாக இருக்கும் அந்தக் கைகளை ஒவ்வொரு முள்ளாக வாயில் விட்டு வழிப்பது சாப்பிட்டு முடித்ததும் அவள் வழக்கமாகச் செய்வது. புழு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி கையைச் சுத்தம் செய்யப் போய்விட்டாள். முந்தின ராத்திரிகூட ஒரு வெட்டுக்கிளியைக் காலும் இறக்கையும் மட்டும் மிச்சம் வைத்து முடித்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் செத்துப்போனாள்.

புழுக்களைப் போட்டோ எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பூச்சி, புழு என்றால் குடும்பத்தில் அவரைத்தான் கேட்போம். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"கண்ணு, இது ஊசிப் புழுவாட்டவே இருக்குது. எங்கிருந்து புடிச்ச?"

"உங்க தோட்டத்துலதாங்க பெரியப்பா. தயிர்க்கடைப் பூச்சி வயித்துக்குள்ள இருந்து வந்துச்சுங்க."

"பூச்சி வயித்துலயா!" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எதா இருந்தாலும் ஜாடியத் தொறந்து விட்டறாத. ஈயாகறதுக்குள்ள கொன்னுரு."

அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது. பட்டுக்காரர்களுக்கு ஊசி ஈ என்ற பெயரே ஆகாது. எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வங்காளத்துப் பட்டுப் பகுதிகளில் முன்பிருந்தே இருந்த ஈ இது. 1980இல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து நம் பக்கம் பரவிவிட்டது. வளர்ப்பு மனைக்குள் ஒரே ஒரு பெண் ஈ புகுந்தால் போதும். ஒரு புழுவுக்கு ஒன்றிரண்டு முட்டை வீதம் ஒட்டிக்கொண்டே போகும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து, குட்டிப் புழு பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போகும். போன இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. சீக்கிரமே தாக்கப்பட்ட பட்டுப்புழு கூடு கட்டும் முன்பே சாகும். கடைசிப் பருவத்தில் தாக்கப்பட்டது எப்படியோ கூட்டைக் கட்டி முடித்துவிடும். ஆனால் உள்ளிருக்கும் ஈப்புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். பட்டுக்கூடு என்பது ஒரே இழை. அதில் ஓட்டை விழுந்தால் நூல் அறுந்து அறுந்துதான் வரும், சந்தையில் அடிமாட்டு விலை.

அதனால் பெரியப்பாவின் மனையில் எல்லா ஜன்னலுக்கும் வலை, கதவுக்கு முன்னால் ஒரு சிறு அறை, அதற்கும் ஒரு கதவு. ஒரு கதவைச் சாத்தாமல் அடுத்ததைத் திறந்தால் திட்டு விழும். ஜன்னலடியில் வெள்ளைத் தட்டுகளில் மாத்திரை கரைத்த தண்ணீர் வைத்திருப்பார், ஈ அதில் இறங்கிச் செத்துக் கிடக்கும். மிச்சத்துக்கு நெசோலின்க்ஸ் என்ற குளவி. எறும்பைவிடச் சிறிய குளவி அது. ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிப்போய் அதன்மேல் முட்டையிடும். ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி. பாக்கெட்டில் வாங்கி வந்து மனையிலும், கழிவு கொட்டும் குழியருகிலும் வைப்பார்.

ஒட்டுண்ணி என்ற இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பேனும் ஒட்டுண்ணி, மாட்டு உண்ணியும் ஒட்டுண்ணி, அவளுடைய வயிற்றில் இருந்ததும் ஒட்டுண்ணி என்றால் எப்படி? பேன் தலையைக் காலி செய்வதில்லை. வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி, வீடு நின்றால்தான் அவனுக்கும் பிழைப்பு. இது அப்படியில்லை. குடியிருந்த உயிரைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். இரண்டும் வேறு வேறு என்று தோன்றி, 1913இல் ஓடோ ராய்ட்டர் என்ற பின்லாந்துப் பூச்சியியலாளர் இந்த இரண்டாம் வகைக்கு ஒரு தனிச் சொல்லை உருவாக்கினார். தமிழில் நாம் இன்னும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

அவள் செத்த பிறகு பழைய பிளேடு ஒன்றை எடுத்து, வயிற்றை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். கிட்டத்தட்ட வெறும் பை. முட்டை இருக்க வேண்டிய இடத்தில் நூல் போல ஏதோ இரண்டு வரி. மஞ்சளாகப் பஞ்சுபோல நிறைந்திருக்க வேண்டிய கொழுப்புத் திசு அறவே இல்லை. உணவுக்குழாய் மட்டும் அப்படியே முழுசாக இருந்தது, அதற்குள் ராத்திரி தின்ற வெட்டுக்கிளி. இந்தப் புழுக்கள் பெரும்பாலும் முதலில் உடம்பு நீரையும் கொழுப்பையும்தான் எடுத்துக்கொள்ளும். உயிர்நாடியான உறுப்புகளில் வாய் வைப்பது கடைசியில். சமையல்காரி சாகக் கூடாதல்லவா. ஐந்து நாளாக நான் ஜாடியில் போட்ட ஒவ்வொரு ஈயும் யாருக்குப் போனது என்று அப்போதுதான் புரிந்தது.

மச்சம் என்று நான் ரசித்த மூன்று புள்ளிகளை உள்பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்பாக, புனல் போன்ற ஒரு சின்னக் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கதையில் என்னை அசரவைத்தது அதுதான்.

ஈப்புழுவின் மூக்கு பின்பக்கத்தில் இருக்கிறது. மூச்சுத்துளைகள் உடம்பின் அகன்ற முனையில். பூச்சியின் வயிற்றுக்குள் முழுக நீரில் கிடக்கிற புழு எப்படி மூச்சுவிடும்? உள்ளிருந்தபடியே வெளித்தோலில் ஒரு ஓட்டை போட்டோ, அல்லது பூச்சியின் மூச்சுக்குழலையே அறுத்தோ, அங்கே தன் பின்பக்கத்தைப் பொருத்திக்கொள்கிறது. பூச்சியின் உடம்பு சும்மா இருக்காது. நமக்கு முள் குத்தினால் சுற்றிச் சீழ் கட்டுகிற மாதிரி, அதன் இரத்த அணுக்கள் ஓடிவந்து அந்நியப் பொருளைச் சூழ்ந்து, அடுக்கடுக்காகச் சுவர் கட்டி, கறுக்கவைத்து, மூச்சுமுட்டச் செய்து கொல்லப் பார்க்கும். சாதாரண எதிரி அதில் செத்தும் போவான். இந்தப் புழுவோ அந்தச் சுவரையே குழாயாக்கிக்கொண்டுவிடுகிறது. தன்னைக் கொல்லக் கட்டிய சமாதிக்குள் ஜன்னல் வைத்து உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டே சாப்பிடுகிறது. பட்டுப்புழுவின் கறுப்புத் தழும்பும் இதே வேலைதான். பெரியப்பா அந்தத் தழும்பை இருபது வருடமாகப் பார்க்கிறார்; நான் ஐந்து நாள் போட்டோ எடுத்தேன்.

இந்தப் புழு பூச்சிக்குள் எப்படிப் போகிறது? டாக்கினிட் என்ற ஈக் குடும்பத்தில் மட்டும் 8,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, ஊசி ஈயும் அதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம். சில முட்டையைத் தோலில் பசை போட்டு ஒட்டிவிடும். சில முட்டையை வயிற்றிலேயே பொரித்து, உயிருள்ள புழுவாக இறக்கிவிடும். சில மிக நுண்ணிய முட்டைகளை இலையில் இட்டுவைக்கும், கம்பளிப்பூச்சி இலையோடு சேர்த்து விழுங்கும். கும்பிடுபூச்சி இலை தின்னாது, ஆகவே அந்த வழி அடைபட்டது. யாரோ ஒரு ஈ நேரில் வந்துதான் வேலையை முடித்திருக்க வேண்டும்.

ஈயைப் பிடித்துத் தின்கிற பூச்சியிடம் ஒரு ஈ நேரில் வருவது என்றால்!

கண்ணில் குறை சொல்ல முடியாது. தூரத்தை இரண்டு கண்ணாலும் கணக்குப் போட்டுப் பார்க்கிற பூச்சி இது. 2016இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட், விவேக் நித்யானந்தா குழுவினர் கும்பிடுபூச்சிகளுக்குக் குட்டிக் குட்டியாக வண்ணக் கண்ணாடி வெட்டி, தேன்மெழுகால் ஒட்டி, 3டி படம் காட்டினார்கள். திரையில் இருக்கிற பொய் இரை கண்ணெதிரே மிதப்பதாக நம்பி அவை கைநீட்டி அடித்தன. தலையைப் பின்பக்கமும் திருப்ப முடியும். ஆனால் கைகள் இரண்டும் முன்னால் இருக்கின்றன, நீளமான அந்த வயிறு பின்னால் கிடக்கிறது.

காது இன்னும் விசித்திரம். ஒரே ஒரு காதுதான், அதுவும் நெஞ்சுக்கு அடியில், கால்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில். 1986இல் டேவிட் யேகர், ரொனால்டு ஹாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். 25 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மீயொலியில்தான் அது நன்றாகக் கேட்கும். வௌவால் இருட்டில் போடுகிற சத்தத்தின் எல்லை அது. பறந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் பொத்தென்று கீழ்நோக்கிச் சுழன்று விழுந்து தப்பித்துக்கொள்ளும். ஈயின் ரீங்காரம் சில நூறு ஹெர்ட்ஸ். வௌவாலுக்கென்று செய்த காதில் அது ஏறாது. நம் காதுக்குத் தெளிவாகக் கேட்கிற 'ங்ஙொய்' அவளுக்குக் கேட்டிருக்காது.

இதே ரொனால்டு ஹாய் பிறகு ஈயின் காதையும் ஆராய்ந்தார். ஓர்மியா ஆக்ரேசியா என்ற டாக்கினிட் ஈ. இது ராத்திரியில் சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டே தேடி வந்து, பாடுகிறவன் மேலும் பக்கத்திலும் புழுக்களை இறக்கிவிட்டுப் போகும். ஒரு வாரத்தில் பாடகன் காலி. தலைக்குப் பின்னால் நெஞ்சில் இருக்கும் இரண்டு காதுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளியை வைத்துக்கொண்டு, சத்தம் எந்தத் திசை என்று அது துல்லியமாகக் கண்டுபிடிப்பது பொறியாளர்களுக்கே பாடமாகிவிட்டது. ஹவாயைச் சேர்ந்த கவாயி தீவில் நடந்தது அதைவிடப் பெரிய கதை. மார்லின் சுக் என்ற ஆய்வாளர் அங்கே பல வருடம் சுவர்க்கோழிகளைக் கவனித்து வந்தார். வருடா வருடம் பாட்டுச் சத்தம் குறைந்துகொண்டே வந்து, 2001இல் ஒரே ஒருவன் பாடுவதுதான் கேட்டதாம். அழிந்துவிட்டன என்றே நினைக்கத் தோன்றும். 2003இல் போனால் டார்ச் வெளிச்சத்தில் எங்கு பார்த்தாலும் சுவர்க்கோழி, ஆனால் மூச்சுச் சத்தம் இல்லை. ஆண்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இறக்கையில் உரசும் பல் அமைப்பே மாறி, தட்டையாகி, பாட முடியாதவையாகப் பிறந்திருந்தன. 20 தலைமுறைக்குள் நடந்த மாற்றம். ஈக்குப் பயந்து ஒரு தீவே வாயை மூடிக்கொண்டது.

போட்டோவைப் பார்த்த நண்பர் ஒருவர், "இது குதிரைமுடிப் புழுதானே?" என்று கேட்டார். இல்லை. அது தான் குடியிருக்கும் பூச்சியையே தண்ணீருக்குள் குதிக்கவைக்கும் நீள நூல் புழு, வீடியோக்களால் பிரபலமானது. அதற்கு இருக்கிற புகழ் இந்த ஈக்களுக்கு இல்லை என்பது அநியாயம். கரும்புக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டர்மியாப்சிஸ் என்ற டாக்கினிட் ஈயை, இளங்குருத்துப்புழுவை அடக்க ஏக்கருக்கு 125 சினை ஈ வீதம் விடச் சொல்வார்கள். புழு துளைத்த ஓட்டை வாசலில் ஈ தன் குட்டிகளை இறக்கிவிடும், அவை ஊர்ந்து உள்ளே போய்க் குருத்துப்புழுவைத் தேடிப் பிடிக்கும். கரும்புக் காட்டில் காசு கொடுத்து வாங்கி விடுகிற ஈயின் சொந்தக்காரனைத்தான் பட்டு மனையில் மாத்திரை வைத்துக் கொல்கிறார்கள்.

சரி, ஜாடிக்கு வருகிறேன். எட்டுப் புழுக்களும் அன்று சாயங்காலத்துக்குள் செய்தித்தாள் மடிப்புக்குள் புகுந்து அசையாமல் கிடந்தன. பால் வெள்ளை மஞ்சளாகி, செம்பழுப்பாகி, ராத்திரிக்குள் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. பட்டுப்புழு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நூல் சுரந்து வீடு கட்டுகிறது. இவன் அந்த வம்புக்கே போவதில்லை. தன் தோலை உரித்துப் போடாமல் அதையே ஓடாக இறுக்கிக்கொள்கிறான். எட்டையும் தீப்பெட்டியில் போட்டு, தீப்பெட்டியை ஜாடியில் வைத்து, வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். கொல்லவில்லை. பெரியப்பா சொன்னபடி கொன்றுவிடலாம் என்று ஒரு தடவை அடுப்புப் பக்கம் எடுத்துப் போனதும் உண்மை. அவளைத் தின்றவர்கள் என்ற கோபம் இருந்தது. ஆனால் அவள் தின்ற குட்டிக் கரப்பான்களுக்காக நான் கோபப்பட்டதில்லையே.

பதின்மூன்றாம் நாள் காலையில் முதல் ஈ. லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டின் ஒரு முனை வட்டமாக மூடி போலத் திறந்தது. திறந்தது தலையோ காலோ அல்ல, ஒரு பலூன். ஈயின் நெற்றியிலிருந்து வெள்ளையாக ஒரு பை உப்பி வந்து மூடியை நெம்பியது, சுருங்கியது, மறுபடி உப்பியது. வெளியே வந்தபின் அந்தப் பை உள்ளே போய்விடும், ஆயுசுக்கும் அதற்கு வேறு வேலை இல்லை. உணர்கொம்புக்கு மேலே ஒரு தையல் கோடு மட்டும் அடையாளமாக நிற்கும். இறக்கை கசங்கிய டிஷ்யூ காகிதம் போல இருந்தது. முக்கால் மணி நேரத்தில் விரிந்து விறைத்தது. சாம்பல் உடம்பு, வயிற்றில் நட்டு வைத்தாற்போல முரட்டு மயிர்கள். பிணந்தின்னி ஈயா, டாக்கினிட்டா என்று பார்க்க முதுகின் பின்கோடியில் லென்ஸை வைத்தேன். முதுகுத் தகட்டுக்கு அடியில் தெளிவாக இன்னொரு புடைப்பு. டாக்கினிட்தான். பெரியப்பாவின் கண் தப்பவில்லை, ஈயின் குடும்பத்தைச் சரியாகவே சொல்லியிருந்தார்.

மூன்று நாளில் ஐந்து ஈக்கள் வந்தன. மூன்று கூடு திறக்கவே இல்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வலையை அவிழ்த்தேன். நாலு உடனே போய்விட்டன. ஒன்று மட்டும் ஜாடி விளிம்பில் உட்கார்ந்து வெயில் காய்ந்துவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் பெரியப்பா கூப்பிட்டார்.

"அந்தப் புழு என்னாச்சு கண்ணு? கொன்னுட்டயா?"

"கூட்டுக்குள்ளயே செத்துப்போச்சுங்க பெரியப்பா."

"நல்லதாப் போச்சு போ" என்றார். அப்புறம் இந்தத் தடவை நூறு முட்டைத் தொகுதிக்கு அறுபத்தெட்டு கிலோ கூடு வந்ததையும், ஓட்டைக் கூடு இரண்டு கிலோவுக்குள்தான் என்பதையும், தீபாவளிக்கு எப்போது வருகிறாய் என்பதையும் பேசிக்கொண்டிருந்தார்.